டோக்கியோ போற கண்ணுக்கு நாலு வார்த்தை

ஜப்பானுக்குப் போறயாமா கண்ணு? நெம்ப சந்தோசம். உங்கம்மா நேத்து இருந்து தெருவுல ஒரு ஊடு பாக்கியில்லாமச் சொல்லிப்போட்டா. எதுத்த ஊட்டுக்காரி மூஞ்சி சுண்டுனதப் பாத்தா, நீ இன்னும் பிளேன் ஏறாமயே கட்டுன காசுல பாதி வசூலாயிருச்சுன்னு வெச்சுக்க.

அந்தப் பள்ளிக்கொடத்து நோட்டீசக் கொண்டா, பாப்போம். வழவழன்னு நல்லாத்தான் அடிச்சிருக்கறான். கண்ணாலப் பத்திரிகைக்குக்கூட இம்புட்டு ஒசந்த காயிதம் போட மாட்டாங்க. என்னமோ எழுதியிருக்குதே... 'குளோபல் எக்ஸ்போஷர்'. 'கல்ச்சுரல் இமர்ஷன்'. 'ஜப்பானியச் சமுதாயத்தை நேரடியாக அறிதல்'. அடேயப்பா! ஏழு நாளுல ஒரு நாட்டோட சமுதாயத்தையே அறிஞ்சுபோட்டு வந்துருவீங்களாக்கும்? நான் இந்த ஊருலயே பொறந்து இந்த ஊருலயே நரைச்சவன். மேக்காலத் தெருக்காரன் எதுக்கு எங்கிட்டப் பேசறதில்லைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. நீ ஒரு வாரத்துல பன்னண்டு கோடிச் சனத்த அறிஞ்சுட்டு, வாற வழியில ஏர்போர்ட்டுல சாக்லேட்டும் வாங்கிட்டு வந்துருவ. கெட்டிக்காரன்தான்.

சரி, நாள்வாரியா என்ன போட்டிருக்குதுன்னு படி. மொத நாளு ஸ்கை ட்ரீ. 634 மீட்டர் ஒசரம், 2012ல தொறந்தாங்க. மேல ஏறி நின்னா ஊரே தெரியும். மனுசன் ஒருத்தன் மூஞ்சி தெரியாது. அடுத்த நாளு டிஸ்னிலேண்ட். ஏஞ்சாமி, அது அமெரிக்காக்கார எலியல்லோ? 1983ல டோக்கியோவுக்குப் பக்கத்துல கடலோரமாக் கொண்டாந்து வெச்சாங்க. ஜப்பான் சமுதாயம் எப்படீன்னு அமெரிக்கா எலிகிட்டக் கேக்கோணுமா? பொறவு ஒசாகாவுல யுனிவர்சல் ஸ்டுடியோ. அதுவும் அமெரிக்காக்காரன் பேருதான். முக்காவாசி ராத்திரி 'இந்தியன் டின்னர்'. நடுவால புல்லட் ட்ரெயின். அது நல்ல சரக்கு, அதுக்குப் பொறவு வாறேன். கடசியில ஒரு ஓரத்துல பொடி எழுத்துல என்ன போட்டிருக்குது பாரு: 'பள்ளி வருகை, இரண்டு மணி நேரம்'. நீ தேடிப் போற சமுதாயம் அங்கதான் கண்ணு இருக்குது. மிச்ச நாளுல பாதி எலிக்கு.

பொட்டியில என்ன அடுக்கறா உங்கம்மா? பருப்புப்பொடி, தட்டவடை, ஊறுகாய், தண்ணி ஊத்துனா வெந்து போற உப்புமா. கவுச்சி தொடாதவன்னா சொல்லு, ஞாயந்தான். அங்க சாறு வெக்கறதே காஞ்ச மீனக் கொதிக்க வெச்ச தண்ணியில. பாவம், அவன் என்ன பண்ணுவான்? நீ பிரியாணிக்குன்னே பொறந்தவனாச்சே, உனக்கெதுக்கு ஊறுகாய்? ரூமுக் கதவச் சாத்திட்டுக் கெட்டில்ல உப்புமா கிண்டறதுக்கு உங்கப்பன் ரெண்டரை லட்சம் கட்டோணுமா? நம்மூட்டுல கதவச் சாத்திட்டே தின்னிருக்கலாமே.

ஒரே கலருல பனியன், ஒரே கலருல தொப்பி. முன்னால ஒரு அம்மிணி கொடியத் தூக்கிப் புடிச்சுட்டுப் போவா. பொறத்தால நீங்க நாப்பது பேரு. கூட்டமா ஓட்டிட்டுப் போற ஆட்டுக்கு வழி எங்க தெரியும்? முன்னால போற ஆட்டு வாலுதான் தெரியும். நீ டோக்கியோ வரைக்கும் போயி உங்க கிளாஸ் பசங்க முதுகத்தான் பாத்துட்டு வரப்போற. பேசறது தமிழு, சண்டை போடறது தமிழு, சீட்டுக்கு ஓரியாட்டம் தமிழு. பத்தாததுக்குத் தாயிமாரெல்லாம் ஒரு வாட்ஸாப் குரூப்பு வேற. புள்ளை சாப்புட்டானா, சொட்டர் போட்டானா, ஏன் போட்டோவுல மூஞ்சி வாடியிருக்குது? ஊரையே சுருட்டிக் கக்கத்துல வெச்சுட்டுப் போனா, போன ஊரு எங்க கண்ணுல படும்?

இது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்ச வேசம்னு நெனைக்காத. பெரிய பள்ளிக்கொடத்துல சரித்திரம் எடுத்து ரிட்டையரான வாத்தியார் டீக்கடைக்கு வருவாரே, அவரு சொன்னது. முன்னூறு வருசம் முன்னால இங்கிலீசுக்காரப் பண்ணையாரு ஊட்டுப் பசங்களயெல்லாம் பிரான்சு, இத்தாலின்னு ஊரு பாக்க அனுப்பி வெப்பாங்களாம். கூடவே ஒரு வாத்தியாரு. பையன் குடிச்சுட்டு எங்கயாச்சும் உழுந்துறாமப் பாத்துக்கறதுக்கு. பேரு மட்டும் படிப்பு. அந்த மாதிரிப் போன வாத்தியாருல ஒருத்தரு யாரு தெரியுமா? ஆடம் ஸ்மித். பொருளாதாரத்துக்கே அப்பன்னு உங்க பொஸ்தகத்துல போட்டிருக்குமே, அவரேதான். 1764ல கிளாஸ்கோ பல்கலைக்கழக வேலைய உட்டுப்போட்டு ஒரு சின்ன ஜமீனக் கூட்டிட்டுப் பிரான்சுக்குப் போனாரு. வருசத்துக்கு 300 பவுன் சம்பளம், பொறவு உசுரிருக்கற வரைக்கும் வருசம் 300 பவுன் பென்சன். நல்ல பேரந்தான். போன எடத்துல, துலூசுங்கற ஊருல, அவருக்குப் பொழுதே போகலயாம். சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஒரு பொஸ்தகம் எழுதலாம்னு ஆரம்பிச்சுட்டாரு.

கூத்து அதுக்கு மேலதான். 1776ல 'நாடுகளின் செல்வம்' வந்துச்சே, அதுல இந்தப் பயண சங்கதியப் போட்டு வாங்கறாரு மனுசன். பதினேழு பதினெட்டு வயசுல பையன வெளிநாட்டுக்கு அனுப்பி வெச்சா, முன்னயக் காட்டிலும் திமிரு புடிச்சு, ஒழுக்கம் கெட்டு, ஒரு வேலைக்கும் ஒதவாதவனாத் திரும்பி வாறான்னு. ஏன் அனுப்பறாங்க தெரியுமா? ஊட்டுல இருந்தா அப்பங்காரன் கண்ணு முன்னால கெட்டுப்போவான், அதப் பாக்க வேண்டாமேன்னுதான் அனுப்பறாங்களாம். 300 பவுனையும் வாங்கிட்டு எழுதுனாரு பாரு, அங்க நிக்கறாரு வாத்தியாரு. உங்க கூட வாற பிசிக்ஸ் மிஸ்ஸு இப்படி என்னத்தையாச்சும் எழுதறாங்களான்னு ஒரு கண்ணு வெச்சுக்க.

அப்ப போகவே வேண்டாமான்னு மொறைக்காத. போ. போறவன் எப்படிப் போகோணும்னு அந்த ஜப்பான்காரனையே கேளு. அவனளவுக்கு மெனக்கெட்டுப் போனவன் நானறிஞ்சு கெடையாது. 1871 மார்கழிக் குளுருல யோகோஹாமாவுல ஒரு கப்பல் கெளம்புச்சு. இவாகுராங்கற மந்திரி தலைமையில நாட்டையாள்ற பெருந்தலைங்கள்ல பல பேரு அதுலதான். கூடப் படிக்கப் போற புள்ளைங்க. எல்லாஞ் சேத்து நூத்துச் சொச்சம் பேரு. புதுசா வந்த ஆச்சிக்கு அப்பத்தான் மூணு நாலு வயசு. நம்மூரு மந்திரி நாலு நாளைக்கு டெல்லி போனாலே நாக்காலிக்குக் காவல் போட்டுட்டுப் போவாரு. இவிய கிட்டத்தட்ட ரெண்டு வருசம் ஊரு ஊராச் சுத்துனாங்க. அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி, ரஷ்யான்னு ஒண்ணு பாக்கியில்ல. என்னத்தப் பாத்தாங்க? மில்லு, ஜெயிலு, பள்ளிக்கொடம், ஆஸ்பத்திரி, பார்லிமெண்டு, சாக்கடை போற வழி. கூட வந்த கூமேங்கற ஒருத்தரு பாத்ததையெல்லாம் குறிச்சு வெச்சு 1878ல அஞ்சு தொகுதியாப் பொஸ்தகம் போட்டாரு. உனக்கு ஸ்கூல்ல எத்தனை பக்கம் ரிப்போர்ட் கேட்டிருக்கறாங்க? மூணு பக்கமா? அதுலயும் ஒண்ணு போட்டோவா?

அந்தக் கப்பல்ல அஞ்சு பொட்டப் புள்ளைங்களும் போச்சு. கேட்டுக்க. அதுல கடைக்குட்டி சுதா உமேகோ. ஆறு வயசு. பால்பல்லு உழுகற வயசு. பத்து வருசத்துக்குப் படிச்சுட்டு வான்னு சர்க்காரே அனுப்பி வெச்சுது. வாசிங்டனுக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைக்காரப் புருசன் பொஞ்சாதி ஊட்டுல வளந்துச்சு. அங்க என்ன கொடியா, தொப்பியா, அம்மா வாட்ஸாப்பா? அந்த ஊட்டுச் சோறு, அந்தத் தெருப் பள்ளிக்கொடம், அந்த ஊருப் பேச்சு. 1882ல திரும்பி வாறப்ப பொறந்த பாசையே மறந்து போயிருச்சு. பெத்த தாயிகிட்டப் பேச வாயில்ல. உங்கம்மா கேட்டா மயக்கம் போட்டு உழுந்துருவா, அவகிட்டச் சொல்லாத. ஆறு வயசுப் புள்ளைய அப்படி அத்து உட்டது ஞாயமான்னு கேட்டா, ஞாயமில்லன்னுதான் நானும் சொல்லுவேன். ஆனா அந்தப் புள்ளை சும்மா இருக்கல. பொறவு பொண்ணுகளுக்குன்னு 1900த்துல டோக்கியோவுல ஒரு பள்ளிக்கொடம் தொறந்துச்சு. இன்னைக்கு அது யுனிவர்சிட்டி. 2024ல இருந்து 5000 யென் நோட்டுல அந்தம்மா மூஞ்சிதான். உங்கப்பன் மாத்திக் குடுக்கற பணத்துல இருக்கும், எடுத்துப் பாரு. அந்த நோட்டைக் குடுத்துத்தான் நீ எலி தொப்பி வாங்கப் போற.

உன்னைய ரெண்டு வருசம் இருந்துட்டு வான்னு சொல்லல. இருக்கற ஏழு நாளுல கண்ண எங்க வெக்கறதுன்னுதான் சொல்றேன்.

நகர்ற படிக்கட்டுல ஏறுனா மொதல்ல நில்லு. டோக்கியோவுல எல்லாரும் எடப்பக்கம் ஒதுங்கி நிப்பாங்க, அவசரக்காரன் வலப்பக்கம் போவான். ஒசாகாவுல அப்படியே நேரெதிரு. ரயில்ல ரெண்டரை மணி நேரந்தான் தூரம், அதுக்குள்ள கட்சி மாறிப் போச்சு. ஜப்பான்காரன்னா எல்லாரும் ஒண்ணுதான்னு எவனாச்சும் உனக்கு லெக்சர் அடிச்சா, இந்தப் படிக்கட்டக் காட்டு. மெட்ரோவுல ஏறுனா வாய மூடு. அங்க ரயில்ல போன்ல பேச மாட்டாங்க, மணியே அடிக்காம வெச்சிருப்பாங்க. நீங்க நாப்பது பேரும் ஏறுன ஒடனே அந்தாக்ஷரி ஆரம்பிப்பீங்க, எனக்குத் தெரியாதா? ரோட்டுல குப்பைத் தொட்டியத் தேடாத. 1995ல எவனோ பைத்தியக்காரப் பயலுக ரயிலுக்குள்ள வெச வாயுவ உட்டு ஆளுகளக் கொன்னாங்க. அதுக்குப் பொறவு தொட்டியெல்லாம் எடுத்துட்டாங்க. தட்டவடை தின்ன கவர மடிச்சுப் பையில வெச்சு ரூமுக்குக் கொண்டா. ஹோட்டல்ல டிப்ஸ் வெச்சுட்டு வந்தீன்னா, காச மறந்துட்டயேன்னு பொறத்தாலயே ஓடி வருவாங்க. உங்கப்பன் வந்தா அந்த ஊரு அவனுக்கு நெம்பப் புடிச்சுப் போயிரும்.

ஆங், புல்லட் ட்ரெயினு. 1964ல உட்டது. எல்லாரும் வேகத்தப் பாத்து வாயப் பொளப்பாங்க. நீ டோக்கியோ ஸ்டேசன்ல வண்டி வந்து நின்னதும் பாரு. உள்ள பூந்து தொடைக்கற ஆளுகளப் பாரு. ஏழே நிமிசம். அதுக்குள்ள குப்பையப் பொறுக்கி, மேசையத் தொடச்சு, சீட்டையெல்லாம் போற தெசைக்குத் திருப்பி உட்டு, எறங்கி வரிசையா நின்னு கும்புடறாங்க. வண்டி எத்தனை வேகமா ஓடுனாலும் இந்த ஏழு நிமிசம் எட்டாச்சுன்னா அடுத்த வண்டி பொறத்தால நிக்கோணும். என்சினு செஞ்சவன் போட்டோ எல்லாப் பொஸ்தகத்துலயும் இருக்குது. தொடைக்கறவிய மூஞ்சிய நீயாச்சும் பாத்துட்டு வா.

இப்ப அந்த ரெண்டு மணி நேரத்துக்கு வருவோம். பள்ளிக்கொடம். நீங்க உள்ள போன ஒடனே கைதட்டி ஒரு பாட்டுப் பாடுவாங்க, நீங்க ஒரு கும்மி அடிப்பீங்க, போட்டோ. அதெல்லாம் ஒறம்பரைக்கு வெக்கற பலகாரம், தின்னுட்டு மறந்துரு. மத்தியானம் வரைக்கும் இருக்க உடுவாங்களான்னு உங்க மிஸ்ஸுகிட்டக் கேளு. சோத்து நேரத்துல பாத்தாத்தான் சங்கதி தெரியும். வெள்ளைத் தொப்பியும் வெள்ளை அங்கியும் மாட்டிட்டு அந்தந்த கிளாஸ்ப் புள்ளைங்களே குண்டானத் தூக்கிட்டு வந்து பரிமாறும். இந்த வாரம் நாலு பேரு, அடுத்த வாரம் வேற நாலு பேரு. வாத்தியாரும் அதே கிளாஸுல உக்காந்து அதே சோறு தின்னுவாரு. பள்ளிக்கொடத்துல சோறு போடறது நமக்கொண்ணும் அதிசயமில்ல. காமராசரு காலத்துல இருந்து போடறோம், எம்.ஜி.ஆரு 1982ல சத்துணவுன்னு பெருசா விரிச்சாரு. அவிய 1889லயே சுருவோகாங்கற ஊருல கோயிலோட இருந்த ஒரு பள்ளிக்கொடத்துல ஏழைப் புள்ளைங்களுக்குச் சோத்துருண்டையும் சுட்ட மீனும் குடுத்து ஆரம்பிச்சாங்க. 1954ல சட்டமே போட்டாங்க. சோறு ரெண்டு ஊருலயும் ஒண்ணுதான். வாத்தியாரு எங்க உக்காந்து தின்னறாருங்கறதுலதான் வித்தியாசம். உங்க ஸ்கூல் பிரின்சிபாலு எங்க சாப்புடறாரு? ஏசி ரூமுலயா?

தின்னு முடிச்சா மேசையெல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கி வெச்சு, சீமாறு எடுப்பாங்க. தெனமும் கால் மணி, இருவது நிமிசம். ஒருத்தன் கூட்டுவான், ஒருத்தி ஈரத்துணியப் போட்டு அதும்மேல ரெண்டு கையையும் ஊணி, குண்டி தூக்கிட்டு தாவாரம் பூரா ஓடித் தொடைப்பா. பல பள்ளிக்கொடத்துல கக்கூசும் புள்ளைங்கதான். கூட்டறதுக்கு ஆளு இல்லாமயில்ல. இதுவும் படிப்புன்னு வெச்சிருக்கறாங்க. டாக்டரு மவன் அள்ளுன குப்பையையும் கொத்தனாரு மவன் அள்ளுன குப்பையையும் ஒரே மொறத்துலதான் போடோணும்.

நீ என்ன பண்ணுவ தெரியுமா? அத வீடியோ எடுப்ப. அடியில கைகூப்பற பொம்மை போட்டு 'வாவ், டிசிப்ளின்'னு எழுதுவ. திரும்பி வந்து அசெம்பிளியில மைக்கப் புடிச்சு, நம்ம பள்ளியிலயும் இதைக் கொண்டுவர வேண்டும்னு முழங்குவ. எல்லாரும் கைதட்டுவாங்க. மறுநாளு நெசமாலுமே உன்ற கையில ஒரு சீமாறக் குடுத்தா என்னாகும்? உங்கம்மாதான் மொத ஆளா கேட்டுல நிப்பா. காசக் கட்டிப் படிக்க அனுப்புனனா, கூட்டி அள்ள அனுப்புனனான்னு. ஊட்டுல நீ தின்ன வட்டல இன்னைக்கு வரைக்கும் எடுத்து வெச்சிருக்கறயா? டோக்கியோ போயித்தான் அதக் கத்துக்கோணுமா கண்ணு? பொடக்காலிக்குப் போற தூரந்தானே?

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன், கோவிச்சுக்காத. நம்ம சீமையிலயும் பள்ளிக்கொடத்துல புள்ளைங்க கூட்டறதுண்டு. கக்கூஸ் கழுவுனதும் உண்டு. எந்தத் தெருப் புள்ளைங்களக் கூப்புட்டு அதச் செய்யச் சொன்னாங்கன்னு பேப்பர்ல படிச்சிருப்ப. போலீஸ் கேஸு வரைக்கும் போச்சு. அங்க எல்லாரும் புடிக்கற சீமாறு, இங்க வந்தா ஆரு கைக்குப் போகும்? அத யோசிக்காம, கொண்டாந்துரலாம்னு மைக்குல முழங்காத. உங்க நோட்டீசுல சமுதாயம்னு போட்டிருக்குதே, அது இந்தக் கேள்விக்குள்ளதான் உக்காந்திருக்குது.

ஹிரோஷிமாவும் போறீங்கன்னு போட்டிருக்குது. அங்க மட்டும் உன்ற வெளையாட்டெல்லாம் மூட்ட கட்டி வெச்சுரு. 1945 ஆகஸ்டு 6, காலைல எட்டேகால் மணி. அங்க மியூசியத்துல துருப்புடிச்ச ஒரு மூணு சக்கர வண்டி இருக்குது. கட்டாயம் பாரு. குண்டு உழுந்தப்ப ஒரு சின்னப் பையன், நாலு வயசுகூட நெறையல, அந்த வண்டிய ஓட்டிட்டிருந்தான். அன்னைக்கு ராத்திரியே செத்துப் போயிட்டான். சுடுகாட்டுல தனியா உட மனசில்லாம, அப்பங்காரன் ஊட்டுத் தோட்டத்துலயே, வண்டியோடச் சேத்துப் பொதைச்சான். நாப்பது வருசம் போயி 1985ல தோண்டி, புள்ளை எலும்ப எடுத்துக் கல்லறையில வெச்சுட்டு வண்டிய மியூசியத்துக்குக் குடுத்துட்டான். அதுக்கு முன்னால நின்னுட்டு ரெண்டு வெரலக் காட்டிப் போட்டோ எடுத்தீன்னு தெரிஞ்சுதோ, எங்கிட்ட வராத.

அங்கயே ஜப்பான் பள்ளிக்கொடத்துப் புள்ளைங்களும் கூட்டமா வந்திருக்கும். அவியளுக்கும் சுற்றுலா உண்டு. 1886ல டோக்கியோவுல வாத்தியாரு படிப்புப் படிச்ச பசங்க பத்துப் பன்னண்டு நாளு நடந்தே போயிச் சிபா பக்கம் சுத்திட்டு வந்ததுல இருந்து தொடங்குன பழக்கம். இப்ப அநேகமா எல்லாப் பள்ளிக்கொடமும் போகுது. கியோட்டோவுக்குப் போனா அஞ்சாறு புள்ளைங்களா பிரிச்சு உட்டுருவாங்க. எந்தக் கோயிலுக்கு எந்த பஸ்ஸு, எத்தனை மணிக்குத் திரும்போணும்னு அதுங்களே முன்கூட்டி எழுதி வெச்சுட்டுப் போகும். பஸ்ஸ உட்டுட்டா அடுத்த பஸ்ஸு. உன்னைய மாதிரி வயசுதான். கொடி புடிக்க ஆளில்லாமயே தங்கற எடம் வந்து சேருது. உங்க மிஸ்ஸுகிட்ட ஒரு மத்தியானத்துக்காச்சும் இப்படி உடச் சொல்லிக் கேட்டுப் பாரேன். உட மாட்டாங்க. கேட்டா என்ன, வாயா தேஞ்சு போகும்?

ஒருவேளை உட்டாங்கன்னா கடைக்குப் போகாத. தெருவுக்குள்ள இருக்கற பொதுக் குளிக்கற ஊட்டத் தேடிப் போ. பத்தடிக்கு ஒசந்த சொவத்துல பெரும்பாலும் ஃபுஜி மலையத் தீட்டி வெச்சிருப்பாங்க. முக்காலியில உக்காந்து சோப்புப் போட்டுத் தேச்சு ஊத்திட்டுத்தான் தொட்டிக்குள்ள எறங்கோணும், அழுக்கோட எறங்குனா அடிக்க வருவாங்க. ஒட்டுத்துணி ஆகாது. ஏன் நெளியற? நாங்கெல்லாம் கெணத்து மேட்டுல ஊரே பாக்கத் தண்ணி வாத்தவங்கதான். அங்க என்ற வயசுக் கெழவனுங்க நாலு பேரு கழுத்து முட்ட சுடுதண்ணியில உக்காந்து பழமை பேசிட்டு இருப்பாங்க. பக்கத்துல உக்காரு. பாசை தெரியாட்டி என்ன, சிரிக்கத் தெரியுமல்லோ? நீ தமிழ்நாடுன்னா ஒருத்தன் 'முத்து'ன்னு கேட்டாலும் கேப்பான். முழிக்காத. ரஜினி படம் 1998ல அங்க அந்தப் போடு போட்டுச்சு. பாட்டு ஒரு வரி பாடுனீன்னா உனக்குப் பால் பாட்டிலு ஒண்ணு வாங்கிக் குடுத்தாலும் குடுப்பாங்க. குளிச்சு முடிச்சுக் குளுந்த பால் குடிக்கறது அவிய வழக்கம்.

இன்னொரு ஊரு இருக்குது. உங்க நோட்டீசுல வராது, எந்த நோட்டீசுலயும் அநேகமா வராது. ஷிகோகு தீவுல மலைக்குள்ள நகோரோன்னு பேரு. வயசுப் பசங்கெல்லாம் பட்டணத்துக்குப் போயிட்டாங்க, மிச்சம் பெருசுங்க கொஞ்சம் பேரு. அயானோன்னு ஒரு அம்மா காட்டுல காக்கா வெரட்டப் பொம்மை செஞ்சுது, அப்பன் சாடையில. பொறவு செத்தவங்க, ஊர உட்டுப் போனவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொம்மை செஞ்சு அவங்கவங்க எடத்துல உக்கார வெச்சுட்டுது. பஸ் ஸ்டாப்புல பொம்மை, வயக்காட்டுல பொம்மை. 2012ல ஊருப் பள்ளிக்கொடத்தையும் மூடிட்டாங்க. இப்ப கிளாஸுல பொம்மைப் புள்ளைங்க, பொம்மை வாத்தியாரு. ஆளுகளக் காட்டிலும் பொம்மைங்கதான் ஜாஸ்தி.

புல்லட் ட்ரெயினு ஓடற அதே நாடுதான் கண்ணு. நூத்துக்கு இருவத்தொம்பது பேரு அறுவத்தஞ்சு தாண்டுன கெழடுங்க. 2023ல கணக்கெடுத்தப்ப 90 லட்சம் ஊடு பூட்டிக் கெடந்துது. நம்ம தெருவுல எத்தனை ஊடு பூட்டுனு எண்ணியிருக்கறயா? கெழக்க மூணு, கோயிலுக்குப் பக்கத்துல ரெண்டு. ஒருத்தன் திருப்பூரு, ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் ஆஸ்திரேலியா. நீயும் படிச்சு முடிச்சா எங்க இருப்பீன்னு எனக்குத் தெரியும். உன்ற பொம்மைய எங்க வெக்கறதுன்னு இப்பவே சொல்லிட்டுப் போ, திண்ணையில எடம் போட்டு வெக்கறேன்.

அட, சிரிடா. வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

எல்லாரும் உன்னைய மாதிரிக் காசு கட்டித்தான் போறாங்கன்னும் நெனைக்காத. 2022ல போட்டியில செயிச்ச கவர்மெண்டுப் பள்ளிக்கொடத்துப் புள்ளைங்களச் சர்க்காரே செலவு பண்ணி துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் கூட்டிட்டுப் போச்சு. அதுக்கு முன்ன வெளியூருப் பொருட்காட்சி பாக்காத புள்ளைங்ககூட அதுல இருந்திருக்கும். அந்தப் புள்ளை கண்ணுக்கு ஏர்போர்ட்டுல தண்ணிக் கொழாய்கூட அதிசயந்தான். உனக்கு அந்தக் கண்ணு இல்ல. ஜப்பான முழுசா மூணு தடவ யூட்டியூப்புல பாத்துட்ட. போன எடத்துல, இதுதானே அதுன்னு சரி பாத்துட்டு வந்துருவ.

வந்ததும் மேடையேத்துவாங்க. 'ஜப்பானியர்கள் சுறுசுறுப்பானவர்கள், நேரம் தவறாதவர்கள், சுத்தமானவர்கள்.' இத இங்க திண்ணையில உக்காந்தே நானும் எழுதிருவேன். ரெண்டரை லட்சம் எதுக்கு? நான் கேக்கற கேள்விக்குப் பதில் கொண்டா. உங்களக் கூட்டிட்டுப் போன பஸ்ஸு டிரைவரு எத்தனை மணிக்கு ஊடு போனாரு? அந்தப் பள்ளிக்கொடத்துல வாய் பேசாம ஓரமா ஒக்காந்திருந்த பையன் ஆரு? கடையில ராத்திரி ரெண்டு மணிக்குக் கல்லாவுல நின்ன புள்ளை ஜப்பான்காரியா, நேபாளத்துக்காரியா? இப்பெல்லாம் டோக்கியோக் கடைகள்ல, வெளிநாட்டுல இருந்து படிக்க வந்த புள்ளைங்க நெறையப் பேரு வேலை செய்யுது. நேபாளத்துப் புள்ளைன்னா ரெண்டு வார்த்தை இந்தியில பேசிப் பாக்கலாம். உனக்கு இந்தியும் வராது, சரி, உடு.

கடசி ரெண்டு நாளு ஒரு ஊட்டுல தங்க வெப்பாங்கன்னு போட்டிருக்குதே, அத உட்டுறாத. வாசல்ல செருப்பக் கழட்டி, மூக்கு வெளியப் பாக்கத் திருப்பி வெய்யி. குடுக்கறதத் தின்னு. வெடியால அந்த ஊட்டுக்காரம்மா எந்திரிக்கறப்பவே நீயும் எந்திரி. அன்னைக்கு என்ன குப்பை போடற நாளுன்னு அடுப்படியில காலண்டரு தொங்கும். எரியறது ஒரு நாளு, பிளாஸ்டிக்கு ஒரு நாளு, பாட்டிலு ஒரு நாளு. மாத்திப் போட்டா லாரிக்காரன் சீட்டு ஒட்டி அங்கயே உட்டுட்டுப் போயிருவான், தெருவே பாக்கும். அந்த ஷிகோகு பக்கமே கமிகட்சுன்னு ஒரு ஊருல நாப்பதுக்கு மேல வகை பிரிக்கறாங்க, லாரியும் வராது, அவங்கவங்களே கொண்டு போயிப் போடோணும். நீ தங்கற ஊட்டுக்காரம்மா எத்தனையாப் பிரிக்கறா, பாட்டில் மூடியத் தனியாக் கழட்டறாளா, பால் டப்பாவக் கழுவிக் காய வெக்கறாளான்னு கூட நின்னு செஞ்சு பாத்துட்டு வா. வந்து உங்கம்மாகிட்ட, இனிமே நம்மூட்டுலயும் இப்படித்தான்னு சொல்லு. அவ கரண்டியத் தூக்கிட்டு வந்தா இந்தப் பக்கம் ஓடி வா, நான் திண்ணையிலதான் இருப்பேன்.